வீட்டுக்குப் புதிதாக என்ன வந்தது? பூனைக்குட்டியும் பிள்ளையின் மூச்சும்

 

போன கிழமை பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் எங்களை மறித்துக் கேட்டா. "சேர், உங்கட மகளுக்கும் தொய்வு இருந்தது எண்டு சொல்லுகினம். நீங்கள் பூனையை என்ன செய்தனீங்கள்? இவர் சாக்குக்குள்ள போட்டுக் குறிகட்டுவானில கொண்டுபோய் விடப்போறன் எண்டு நிக்கிறார். மகன் ரெண்டு நாளாச் சாப்பிடுறானில்லை."

மணி அடித்துவிட்டது. நின்று பதில் சொல்ல நேரமிருக்கவில்லை. இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வரலாறு படிப்பிக்கிற வீடு என்பதால் பழைய கதையில் தொடங்காமல் எங்களுக்கு எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் கதை. மகள் தரம் மூன்றில் படித்தபோது ஒரு பூனைக்குட்டி வீட்டுக்கு வந்தது. பெயர் சீனி. வந்தது ஐப்பசி மாதம். அடுத்த கிழமை வாடைக் காற்றும் மழையும் தொடங்க, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டோம். மகளுக்குத் தும்மல் வந்தது, கண் கடித்தது, பிறகு இரவில் இருமல். வாடைக் குளிர் என்று நினைத்தோம். ஆடாதோடை அவித்துக் கொடுத்தோம். கண்ணூறு என்று உம்மம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்தா. ஒரு இடத்தில் காட்டினோம், தடிமன் என்று பாணி மருந்து தந்தார்கள். ஆறு கிழமை இப்படியே போனது. ஒரு நாள் கடைசிப் படகும் போன பிறகு, இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. இரண்டு விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய் வருவதைப் பார்த்தோம். தீவில் இருக்கிற உங்களுக்கு அந்த இரவை விளக்கத் தேவையில்லை. அல்ஹம்துலில்லாஹ், தீவு ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைத்து விடியும்வரை காப்பாற்றித் தந்தார்கள்.

அடுத்த நாள் யாழ்ப்பாணத்தில் பார்த்த வைத்தியர் மருந்து எழுத முதல் ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டுக்குப் புதிதாக என்ன வந்தது?"

புதிதாக ஒன்றுமில்லை என்று சொன்னோம். மகள் குனிந்து தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தெரிந்தது, சீனி ஒவ்வொரு இரவும் அவளுடைய போர்வைக்குள் படுத்திருக்கிறது. சொன்னால் பூனையைக் கொண்டுபோய் விடுவோம் என்று பயந்து, இருமலைத் தலையணையில் அமுக்கியிருக்கிறாள்.

எங்களுக்கு ஏன் பூனை மேல் சந்தேகமே வரவில்லை? முஸ்லிம் வீடுகளில் பூனைக்கு ஒரு தனி இடம் உண்டு. நபித்தோழர் அபூ ஹுரைராவின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்றுதான் பொருள். அபூ கதாதா என்ற தோழர், வுழூச் செய்ய வைத்த தண்ணீரில் பூனை வாய் வைக்க வந்தபோது, பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்து, பூனை நஜீஸ் இல்லை என்று நபிகளாரிடம் கேட்டதை எடுத்துச் சொன்ன செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஆகவே சுத்தமான பிராணி, வீட்டோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். சுத்தம் என்பது ஒன்று, ஒரு பிள்ளையின் உடம்புக்கு ஒத்துவருவது இன்னொன்று. பாலும் முட்டையும் ஹலால்தான், சில பிள்ளைகளுக்கு அவை ஒத்துவராது. இந்த வித்தியாசம் அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை.

வைத்தியர் கேட்ட கேள்விக்கு ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பாரசீகத்து வைத்தியர் அர்-ராஸி 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காலமானவர். அபூ ஸைத் அல்-பல்கி என்ற அறிஞருக்கு ஒவ்வொரு வசந்த காலத்திலும், ரோஜா பூக்கும் நேரத்தில், மூக்கு வடிவது ஏன் என்று அவர் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். அது எப்போது வருகிறது, அந்த நேரத்தில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்ததுதான் அதில் பெரிய விஷயம்.

1552இல் இத்தாலிய வைத்தியர் கார்டானோவை ஸ்கொட்லாந்துக்கு அழைத்தார்கள். அங்கே பேராயர் ஜோன் ஹமில்டன் பல வருடமாகத் தொய்வால் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். கார்டானோ அவர் என்ன சாப்பிடுகிறார், எப்படித் தூங்குகிறார் என்று கூடவே இருந்து கவனித்தார். பிறகு சொன்ன யோசனைகளில் ஒன்று, பறவை இறகு அடைத்த மெத்தையையும் தலையணையையும் மாற்றுவது. பேராயருக்குச் சுகம் கண்டது. ஒவ்வாமை என்ற சொல்லோ அறிவோ உலகில் இல்லாத காலம் அது.

பூனை என்று நேராகப் பெயர் சொல்லி எழுதியவர் லண்டன் வைத்தியர் ஹென்றி ஹைட் சோல்டர். அவருக்கே தொய்வு இருந்தது. 1860இல் வந்த தன் நூலில், பூனைக்குக் கிட்டப் போனால் சிலருக்கு மூச்சு இறுகுவதை அவர் பதிவு செய்தார். அந்தக் காலத்தில்தான் எங்கள் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்துக்கொண்டும், மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக்கொண்டும் இருந்தார்.

ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்ற விளக்கம் பூனையிடமிருந்து வரவில்லை, குதிரையிடமிருந்து வந்தது. குதிரை என்றதும் எங்களுக்கு நெடுந்தீவுதான் ஞாபகம் வரும். போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் சந்ததி இன்றும் அங்கே வெட்டையில் மேய்கிறது. ஐரோப்பாவில் குதிரைக்கு வேறொரு வேலையும் இருந்தது. 1890களில் டிப்தீரியா என்ற தொண்டைக்கரப்பானுக்கு, குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை மருந்தாகக் குழந்தைகளுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். சாகக் கிடந்த குழந்தைகள் எழும்பின. இந்தச் சீர வைத்தியத்துக்காகத்தான் பெரிங் என்பவருக்கு 1901இல் மருத்துவத்தின் முதல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சில குழந்தைகளுக்குச் சீரம் ஏற்றிச் சில நாட்களில் உடம்பு தடித்து, காய்ச்சல் வந்து, மூட்டு வீங்கியது. இரண்டாம் தரம் ஏற்றினால் இன்னும் வேகமாக வந்தது. வியன்னாவில் குழந்தை வைத்தியர்களான பிர்க்கேயும் ஷிக்கும் இதைக் கவனித்து 1905இல் நூலாக எழுதினார்கள். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பு, மருந்தாக வந்த குதிரைப் புரதத்தையும் எதிரியாக நினைத்துச் சண்டை பிடிக்கிறது என்பது விளங்கியது. 1906இல் பிர்க்கே இதற்கு அலர்ஜி என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'வேறு', 'செயல்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது அது. எங்கள் ஒவ்வாமை என்ற சொல் இன்னும் நேரானது: ஒத்துப்போகாமை. அதில் பிள்ளை மேலும் குற்றம் இல்லை, பூனை மேலும் குற்றம் இல்லை.

தீவில் இருக்கிறவர்களுக்கு இந்தக் குதிரைக் கதை தூரத்துக் கதை இல்லை. பாம்பு கடித்தால் இங்கே ஏற்றுகிற விஷமுறிவு மருந்து, இந்தியாவில் குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுப்பது. அதற்கும் சிலருக்கு உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து இலங்கை வைத்தியர்கள் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. விஷமுறிவு மருந்துக்கு முன்னர் சிறிய அளவில் அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை நன்றாகக் குறைகிறது என்று அதில் கண்டார்கள். இப்படிப்பட்ட அறிவு எங்கள் நாட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்களிலும் பிறக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1960களின் நடுவில் அமெரிக்காவில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதி இஷிஸாக்காக்கள், தங்கள் தோலிலேயே ஊசி போட்டுச் சோதித்து, ஒவ்வாமையைத் தூண்டுகிற பொருளை இரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். சுவீடனிலும் இன்னொரு குழு அதையே கண்டது. 1968இல் அதற்கு ஐஜிஈ என்று பெயர் வைக்கப்பட்டது. 1970களில் பூனையிடமுள்ள முக்கியமான ஒவ்வாமைப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் ஊறுகிறது. பூனை தன்னை நக்கும்போது மயிரில் பூசுப்படுகிறது. காய்ந்து மிக நுண்ணிய தூசியாகிக் காற்றில் மணிக்கணக்காக மிதக்கிறது. மயிர் கொட்டாத பூனை என்றால் பிரச்சினை இல்லை என்று சிலர் சொல்வது சரியில்லை.

இந்தத் தூசி உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு போகிறது. ஆசிரியர்களாக எங்களைத் திடுக்கிட வைத்தது சுவீடனில் செய்து 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு. வீட்டில் பூனை இல்லாத, ஆனால் பூனை ஒத்துவராத பிள்ளைகளைப் பார்த்தார்கள். பூனை வளர்க்கிற பிள்ளைகள் அதிகமுள்ள வகுப்பில் படித்தவர்களுக்கு, பள்ளிக்கூடம் தொடங்கியதும் தொய்வு கூடியது. அதற்குப் பிறகு நாங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை விளையாட ஏலாமல் நின்றால் 'சோம்பேறி' என்று சொல்வதை விட்டுவிட்டோம். எத்தனை பிள்ளைகளுக்கு முன்னர் அப்படிச் சொல்லியிருப்போம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரி, சீனியை என்ன செய்தோம்? தோலில் குத்திப் பார்த்த பரிசோதனையில் பூனைதான் என்று உறுதியானது. முதலில் பூனையைக் குளிப்பாட்டிப் பார்த்தோம். அதன் பலன் சில நாள்தான் நிற்கும், பிறகு பழையபடி ஊறிவிடும். அறைக்குள் விடாமல் பார்த்தோம், இரண்டு அறை வீட்டில் அது நடக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் மூவரும் ஒன்றாக இருந்து பேசினோம்.

மகள் கேட்டாள்: "வாப்பா, நான்தானே வருத்தக்காரி. என்னைத்தானே வேற இடத்தில விடவேணும்? சீனி என்ன பிழை செய்தது?"

எங்கள் இருவருக்கும் சத்தம் வரவில்லை. நாங்கள் 1990 ஒக்டோபரில் வீடு வாசலை விட்டு வெளியேறிய சமூகம். பிழை செய்யாத ஒன்றை வீட்டை விட்டு அனுப்புவதற்கு அந்தப் பிள்ளைக்கு என்ன நியாயம் சொல்வது? பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றிய ஹதீஸை அவளுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்திருந்தோம்.

"யாரும் பிழை செய்யேல்லை, மகள்" என்றோம். "உங்கட நெஞ்சுக்கும் சீனியிட எச்சிலுக்கும் ஒத்துவரேல்லை. அவ்வளவுதான். சீனியைத் தெருவில விடமாட்டம்."

பின்வளவு அன்னம்மாக்கா வீட்டில் மீன் வாசம் தீராது. அவ "இஞ்ச தாங்கோ, ரீச்சர், என்ர பிள்ளை மாதிரிப் பாக்கிறன்" என்று வாங்கிக்கொண்டா. மகள் வேலியோடு நின்று கூப்பிட்டால் சீனி வரும். வெளியில், காற்றுப்படப் பார்ப்பாள். தொட்டால் கை முகம் கழுவி உடுப்பு மாற்றுவாள்.

இந்தத் தாய்க்கு முக்கியமாகச் சொல்லவேண்டியது இதுதான். பூனை போய் இரண்டு மாதமாகியும் மகளின் இருமல் நிற்கவில்லை. வீணாகப் பூனையைக் கொடுத்தோமோ என்று நாங்கள் சண்டை பிடித்தோம். பூனை போன பின்னும் அந்தத் தூசி வீட்டில் நான்கு முதல் ஆறு மாதம்வரை நிற்கும் என்று பிறகுதான் அறிந்தோம். மெத்தையை மாற்றி, திரைச்சீலைகளைத் தோய்த்து, ஈரத் துணியால் துடைத்துவந்தோம். சோளகக் காற்றுக்கு ஜன்னல் திறக்கிற காலம் வந்தபோது பிள்ளை இரவு முழுக்கத் தூங்கினாள்.

ஆகவே பூனையை உடனே சாக்கில் போடவேண்டாம், தம்பி. முதலில் பிள்ளையைக் காட்டுங்கள். பூனைதான் காரணமா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். தூசியும் பூஞ்சணமும்கூட இதே வேலையைச் செய்யும். பூனைதான் என்றால், பிள்ளைக்குத் தெரியாமல் இரவோடு இரவாகக் கொண்டுபோகாதீர்கள். நல்ல வீடொன்று பாருங்கள், பிள்ளையையே கொண்டு கையில் கொடுக்க வையுங்கள். வைத்தியர் தந்த பம்மை, பழகிப்போகும் என்று பயந்து நிறுத்தாதீர்கள். மூச்சு இழுத்தால் கடைசிப் படகு போகும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

2004இல் சைப்பிரஸ் தீவில் சுமார் 9500 வருடம் பழைய புதைகுழி ஒன்றைப் பற்றிய செய்தி வந்தது. ஒரு மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இல்லை, யாரோ படகில் ஏற்றிக்கொண்டுதான் வந்திருக்கவேண்டும். தீவுக்காரருக்கும் பூனைக்கும் அவ்வளவு பழைய உறவு. அந்தப் படகிலும் தும்மிக்கொண்டு வந்த பிள்ளை ஒன்று இருந்திருக்கலாம் என்று மகள் சொல்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். அந்தத் தாய் வாசிப்பா. சீனியைப் போல ஒரு குட்டிக்கு இடம் கொடுக்கக்கூடியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.