மணலும் தீட்டும்

ஆடிக் காற்று வலுத்துவிட்டால் தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிவிடுகிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை திறக்கப்பட்ட சாலை அது. இருபுறமும் கடல், நடுவே காற்று கொண்டுவந்து கொட்டும் மணல். நெடுஞ்சாலைத் துறையினர் இயந்திரம் கொண்டு தள்ளுகின்றனர். காற்று மறுபடியும் கொட்டுகிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் அழித்த ஊரின் எச்சங்களும் இம்மணலிடையேதான் நிற்கின்றன.

இதைக் காணுந்தோறும் விக்டோரியா அரசி காலத்து இலண்டனை நாம் நினைத்துக்கொள்வதுண்டு. அங்கே மணலுக்குப் பதில் பனி. வீட்டின் முன்னுள்ள நடைபாதையை வீட்டில் குடியிருப்பவரே கூட்ட வேண்டும், தவறினால் அபராதம் என்றது 1839-ஆம் ஆண்டுச் சட்டம். செல்வர் கூலி கொடுத்துக் கூட்டச் செய்தனர். பெரும்பனி விழுந்த நாள்களில் வேலையற்றோர் மண்வெட்டியோடு திரண்டனர். 1891-இல் வேறொரு சட்டம், சாலையோடு நடைபாதையையும் துப்புரவாக வைக்கும் பொறுப்பை உள்ளாட்சியிடம் ஒப்படைத்தது. பனியானாலும் குதிரைச் சாணமானாலும் அதற்கொரு கூலி. அள்ளியவர் ஏழை, அவ்வளவே.

நம் நாட்டில் கதை வேறு. வாசலைக் கூட்டித் தெளித்துக் கோலமிடுவது வீட்டாரின் பெருமை. அவ்வாசலுக்கு அப்பால் கிடக்கும் கழிவை அள்ளுவதோ பிறப்பினால் சிலர்மேல் சுமத்தப்பட்ட தொழில். தமிழகத்தில் அச்சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் அருந்ததியர் முதலான மக்கள். மணல் தீட்டன்று, ஆகையால் அதைத் தள்ள இயந்திரமும் வந்தது, எச்சாதியாரும் வந்தனர். மலம் தீட்டு என்பதால் அங்கே கை மட்டுமே நெடுங்காலம் இயந்திரமாயிருந்தது. உலர் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்ய ஆள் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல்தான் வந்தது. அது போதாதென்று 2013-இல் இன்னொன்று இயற்ற நேர்ந்தது. சாக்கடைக் குழியில் இறப்போரின் குடும்பத்துக்கு இழப்பீடு 30 இலட்சம் ரூபாய் என 2023-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. விலை உயர்ந்தது, இறங்குவோர் யாரென்பது மாறவில்லை.

இராமேசுவரத்தில் ஆடி, தை அமாவாசைகளில் அக்கினி தீர்த்தத்தில் நீராடுவோர் உடுத்த துணியைக் கடலிலேயே விட்டுச் செல்வதுண்டு. மணல் ஏறிய ஈரத்துணி சாதாரணப் பாரமன்று. அதைக் கரைக்கு இழுத்துக் குவிப்போரின் முகத்தை யாத்திரிகர் பார்ப்பதில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. ஓரியூரில் அருளானந்தர் திருவிழா முடிந்த மறுநாள் காலையில், நாம் வீசிச் சென்ற இலைகளை அள்ளியவர் எவர் என்று திரும்பிப் பார்க்குமுன்னரே நம் வண்டிகள் தொண்டிச் சாலையை எட்டிவிடுகின்றன.