அப்பா, அம்மாவுக்கு இல்லாத நோய் குழந்தைக்கு எப்படி வருது? அரிவாள் செல் ரத்தசோகையின் மரபணு கணக்கு!

"எங்க ரெண்டு பேருக்கும் எந்த நோயும் இல்லையே... குழந்தைக்கு மட்டும் எப்படி?" குழந்தைக்கு அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது தெரியவரும்போது பெற்றோருக்கு எழும் முதல் கேள்வி இதுதான். பதில் மரபணுவில் இருக்கிறது.

ஓங்கு, ஒடுங்கு என்றால் என்ன?

நம் உடலில் பெரும்பாலான மரபணுக்கள் ஜோடியாகவே இருக்கும். ஒன்று அப்பா கொடுத்தது, இன்னொன்று அம்மா கொடுத்தது. ஒரே மரபணுவுக்குச் சின்னச் சின்ன மாற்றங்களோடு பல வடிவங்கள் உண்டு. இவைதான் அல்லீல்கள்.

ஒன்று இருந்தாலே தன் குணத்தைக் காட்டிவிடுவது ஓங்கு அல்லீல். இரண்டும் ஒரே மாதிரி சேர்ந்தால்தான் வெளியே தெரிவது ஒடுங்கு அல்லீல். பட்டாணிச் செடிகளை வைத்து 1866-ல் இதை விளக்கியவர் மெண்டல்.

ரத்தத்தில் என்ன நடக்கிறது?

ஹீமோகுளோபின் தயாரிக்க உதவும் பீட்டா குளோபின் மரபணு, 11-வது குரோமோசோமில் உள்ளது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும். சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டு கடுமையான வலி வரும். வழக்கமாக 120 நாள் வாழும் சிவப்பணு, 10 முதல் 20 நாளிலேயே அழிந்துவிடும்.

மாறிய அல்லீல் ஒன்று மட்டும் இருந்தால், அவர் 'கேரியர்'. இவர்களுக்குப் பொதுவாக நோய் அறிகுறி இருக்காது. அதனால் பரிசோதிக்காமல் தெரியவே தெரியாது.

பெற்றோர் இருவரும் கேரியர் என்றால்?

ஒவ்வொரு கர்ப்பத்திலும்,

* நோயோடு பிறக்க வாய்ப்பு 25%
* கேரியராகப் பிறக்க 50%
* இரண்டும் இல்லாமல் பிறக்க 25%

'முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, அடுத்த மூணு குழந்தைக்கு வராது' என்று நினைப்பது தப்பு. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்கும்.

ஓங்கு என்றால் அதிகம் பேருக்கு இருக்குமா?

இல்லை. ரத்த வகையில் 'ஓ' ஒடுங்கு பண்புதான். ஆனாலும் அது பரவலாகக் காணப்படுகிறது. 'ஏ', 'பி' இரண்டும் சேர்ந்தால் எதுவும் மறையாது. 'ஏபி' வகை கிடைக்கும். இது இணை ஓங்குத்தன்மை. அரிவாள் செல் கேரியரின் ரத்தத்திலும் இரண்டு வகை ஹீமோகுளோபினும் இருக்கும்.

இந்த மரபணு ஏன் மறையவில்லை?

கேரியர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. அதனால் மலேரியா அதிகம் இருந்த பகுதிகளில் இது தலைமுறைகளாகத் தங்கிவிட்டது. இந்தியாவில் இதன் ஆரம்பகாலப் பதிவு, 1952-ல் நீலகிரி பழங்குடி மக்களிடையே கிடைத்தது.

என்ன செய்யலாம்?

திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் கேரியரா எனத் தெரிந்துவிடும். 2023-ல் தொடங்கப்பட்ட தேசிய இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் இந்நோயை ஒழிக்க இலக்கு வைத்துள்ளது.

கேரியர் நோயாளி அல்ல. அவர் திருமணம் செய்யவும் தடையில்லை. துணைக்கு இந்த அல்லீலோ, பீட்டா தலசீமியா போன்ற வேறு ஹீமோகுளோபின் குறைபாடோ இல்லையென்றால் குழந்தைக்கு நோய் வராது. அப்படியே வந்தாலும், 'உங்க பக்கத்துலேர்ந்துதான் வந்துச்சு' என்று அம்மாவை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. இந்த நோய்க்கு இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொரு அல்லீல் வந்தாக வேண்டும்.