உடல்வழி உளநலம்: போர்க்கால யாழ்ப்பாணத்தின் ஆற்றுப்படுத்தல் மரபு

முன்னுரை

மனத்துயரை உடலின் வழியே அணுகும் சிகிச்சை முறைகளின் வரலாறு பெரும்பாலும் வில்ஹெல்ம் ரைக்கிடமிருந்து தொடங்கி எழுதப்படுகிறது. அடக்கப்பட்ட உணர்ச்சி தசை இறுக்கமாக உடலில் தங்குகிறது என்னும் கருத்தை அவர் 1930களில் வளர்த்தெடுத்தார். அவரிடம் பயின்ற அலெக்சாண்டர் லோவன் அதனை அமெரிக்காவில் தனிச் சிகிச்சை முறையாக்கினார். 2014ஆம் ஆண்டு வெளிவந்த பெசல் வான் டெர் கோல்க்கின் நூல் இவ்வணுகுமுறையை உலகெங்கும் பரப்பியது. இவ்வரிசையில் தமிழ்ச் சமூகத்தின் பட்டறிவு இடம்பெறுவதில்லை. ஈழப்போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்தில் உருவான உடல்வழி ஆற்றுப்படுத்தலை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அதன் பயனையும் எல்லையையும் மதிப்பிடுகிறது.

மெய்ப்பாடும் நோய்மொழியும்

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியம் ‘மெய்ப்பாடு’ என்று வகுத்து, அதற்கெனத் தனி இயலே அமைத்துள்ளது. அழுகையும் அச்சமும் அவ்வியலில் உடலோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. ‘நெஞ்சு’ என்னும் சொல் மார்பையும் மனத்தையும் ஒருங்கே குறிப்பதும் இங்கு நோக்கத்தக்கது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவரும் பல்கலைக்கழகப் பேராசிரியருமான தயா சோமசுந்தரத்தின் எழுத்துகள் இதனோடு தொடர்புடைய மருத்துவச் சான்றைத் தருகின்றன. போரால் பாதிக்கப்பட்டோர் பலர் மனத்துயர் என்று கூறிக்கொண்டு வரவில்லை. தலையிடி, நெஞ்சு நோ, உடல் உளைவு, பெருமூச்சு என்றே முறையிட்டனர். கீழை நாட்டார் மனத்தைச் சொல்லால் வெளியிடும் ஆற்றல் குறைந்தோர் என்பதற்கு இத்தகைய முறையீடுகளைச் சான்றாகக் காட்டுவது மேலை உளமருத்துவத்தில் ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. ஆனால் மனத்தையும் உடலையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழியில் பெருமூச்சு என்பதே துயரின் நேரடிக் கூற்றாகும். அது மொழியின் குறைபாடன்று.

போர்ச்சூழலும் தேவையும்

1987 அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் இந்திய அமைதிப் படையினர் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து நடத்திய தாக்குதலில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளரும் உயிரிழந்தனர். குணப்படுத்தும் இடமே அச்சத்தின் இடமாயிற்று. 1990 முதல் நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடை மருந்து வரவையும் கட்டுப்படுத்தியது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே வேளையில் இடம்பெயர்ந்தனர். உளமருத்துவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருந்தனர்.

இந்நிலையில் மருந்தின்றியும் மருத்துவரின்றியும் கைக்கொள்ளத்தக்க முறைகள் தேவைப்பட்டன. ஆசிரியர்கள், கிராம அலுவலர்கள், நாட்டு வைத்தியர்கள் முதலியோருக்கு அடிப்படை உளநலப் பயிற்சி அளிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் சாந்திகம் போன்ற அமைப்புகள் உளவளத்துணைப் பணியை முன்னெடுத்தன.

தளர்வுப் பயிற்சிகள்

எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வு முறை, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவதாகும். யாழ்ப்பாணத்தில் இதற்கு இணையாக மக்கள் அறிந்திருந்த சாந்தி ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதலும் சிகிச்சைக்குள் கொணரப்பட்டன. மேலும், பயிற்சி நோயாளரின் சமயத்திற்கேற்பத் தெரிவு செய்யப்பட்டது. சைவருக்கு மந்திர செபமும், கத்தோலிக்கருக்குச் செபமாலையும், இசுலாமியருக்குத் திக்ருவும், பௌத்தருக்கு ஆனாபானசதியும் பரிந்துரைக்கப்பட்டன.

சமய நோக்கில் வேறுபடும் இவை உடலியல் நோக்கில் ஒன்றுபடுகின்றன. சொல்லையோ மூச்சையோ சீராகத் திரும்பத் திரும்ப நிகழ்த்தும்போது மூச்சு தாழ்ந்து நீள்கிறது. வெளிமூச்சு நீளுகையில் இதயத் துடிப்பு தணிகிறது. தசை இறுக்கம் நெகிழ்கிறது. சமூக நோக்கிலும் இத்தெரிவு பொருளுடையது. ‘பைத்தியம்’ என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சுவோர் செபத்திற்கு அஞ்சுவதில்லை.

எல்லைகள்

இம்முறையை மிகைப்படுத்துதல் தகாது. வதைக்குள்ளானவருக்கு உடலே வதையின் நினைவுக்களம். அவரைத் தொடுவதும், கண்மூடிப் படுக்கச் செய்வதும் அந்நினைவைக் கிளர்த்தக்கூடும். ஆதலின் அவரது இசைவும் படிப்படியான அணுகலும் இன்றியமையாதவை.

இரண்டாவது எல்லை கூட்டுத்துயர் சார்ந்தது. ஒப்பாரி, பெண்கள் கட்டித் தழுவி மார்பில் அறைந்து அழும் உடல்சார் துயராற்றல் மரபு. அதற்கு இறந்தவரின் உடல் வேண்டும். காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு அவ்வுடல் கிடைக்கவில்லை. மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுவோர், காணாமற்போனவர் பட்ட வலியைத் தம் உடலில் வெளிப்படுத்தி உறவினர்க்கு வாக்குச் சொன்னதை மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் ஆராய்ந்துள்ளார். நீதிமன்றம் சொல்லாத விடையை மக்கள் அவ்வுடலிடம் கேட்டனர் எனலாம். எனினும் மூச்சைச் சீராக்குவது உண்மையறியும் உரிமைக்கு ஈடாகாது.

உடல்வழி அணுகல் என்னும் பெயரில் உடலை ஒடுக்கிய வரலாறும் தமிழ்நாட்டில் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் அருளால் குணமாகும் என்ற நம்பிக்கையில் கொண்டுவரப்பட்ட மனநோயாளர்கள் தனியார் காப்பகங்களில் சங்கிலியால் பிணைக்கப்பட்டனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அத்தகைய காப்பகம் ஒன்றில் நேர்ந்த தீயில் 28 பேர் தப்ப வழியின்றி இறந்தனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. யாழ்ப்பாணத்திலும் ஏர்வாடியிலும் சமய நம்பிக்கை இருந்தது. முன்னதில் நோயாளர் தாமே தம் உடலைப் பயிற்றினார். பின்னதில் அவருடல் பிறர் கையில் இருந்தது.

முடிவுரை

யாழ்ப்பாண அனுபவம் மேலை முறையின் நகலும் அன்று; பழமைக்குத் திரும்புதலும் அன்று. பற்றாக்குறையும் பேரழிவும் நெருக்கிய சூழலில் உடலியல் அறிவும் வழிபாட்டு மரபும் இணைந்த தெரிவு அது. நோயாளரின் உடல்மொழியைக் குறைபாடாகக் கருதாமல் கூற்றாக ஏற்றதும், அவ்வுடலின் உரிமையை அவரிடமே விட்டதும் அதன் அடிப்படைகள். உடல்சார் சிகிச்சை வணிகப் பண்டமாகப் பரவிவரும் இக்காலத்தில், எந்த முறையையும் மதிப்பிட இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொள்ளலாம்.