முகக் குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு மயக்க மருந்து: மூச்சுப்பாதை காத்த வரலாறு

பிளவு உதடு, பிளவு அண்ணம், சிறுத்த தாடை போன்ற குறைபாடுகளுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சைக்காக மயக்கம் கொடுப்பது, மயக்க மருத்துவத்தின் கடினமான பணிகளுள் ஒன்று. குழந்தையைத் தூங்க வைப்பதைவிட, தூங்கும் குழந்தையின் மூச்சு தடைபடாமல் காப்பதே பெரிய சவால். அதற்கான வழிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து படிப்படியாக உருவாயின.

சிக்கலின் தன்மை

பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் விட்டமே உடையது. உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால், காற்று செல்லும் பரப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எடைக்கு எடை ஒப்பிட்டால், குழந்தைக்குப் பெரியவர்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஆக்சிஜன் தேவை. ஆகவே மூச்சு நின்றால் மிக விரைவில் உடல் நீலம் பாரிக்கும்.

முகக் குறைபாடு இதை மேலும் கடினமாக்குகிறது. கீழ்த்தாடை சிறுத்து, நாக்கு பின்னே சரிந்து தொண்டையை அடைக்கும் நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ரோபின் 1923இல் விவரித்தார். மயக்க மருந்து தசைகளைத் தளர்த்துவதால் நாக்கு இன்னும் பின்னே செல்லும். குரல்வளையைக் கண்ணால் கண்டு குழாய் செலுத்துவதும் கடினமாகும்.

தொடக்க காலம்

1846இல் பாஸ்டனில் ஈதரும் அடுத்த ஆண்டில் எடின்பரோவில் குளோரோஃபார்மும் பயன்பாட்டுக்கு வந்தன. இங்கிலாந்தின் ஜான் ஸ்னோ, பிளவு உதடுள்ள கைக்குழந்தைகளுக்கும் குளோரோஃபார்ம் கொடுத்தார். ஆனால் மருந்து முகத்தின் வழியே செல்ல வேண்டும். அறுவையும் அதே முகத்தில்தான். மருந்தை விலக்கினால் குழந்தை விழித்துவிடும்; வைத்தால் அறுவை மருத்துவர் காத்திருக்க வேண்டும். இரத்தம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் ஆபத்தும் இருந்தது.

இதற்கு விடை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழாய். 1878இல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கீவன், வாய்வழியே விரலால் தடவி இத்தகைய குழாயைச் செலுத்தி மயக்கம் கொடுக்கச் செய்தார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தபோது, ஐவன் மகில், ஸ்டான்லி ரோபாதம் இருவரும் இம்முறையைச் செம்மைப்படுத்தினர்.

ஏயரின் குழாய்

பெரியவர்களுக்கான கருவி குழந்தைக்குப் பொருந்தவில்லை. 3 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 20 மில்லிலிட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி அளவு காற்று. அந்தச் சிறு மூச்சால் கருவியின் அடைப்பிதழ்களைத் தள்ளித் திறப்பது பெரும்பாடு.

நியூகாசிலைச் சேர்ந்த பிலிப் ஏயர் 1937இல் எளிய தீர்வை வெளியிட்டார். அது ஆங்கில 'டி' எழுத்து வடிவிலான சிறு குழாய். ஒரு முனை குழந்தையின் மூச்சுக்குழாயோடு இணையும்; ஒன்றின் வழியே ஆக்சிஜனும் மயக்க வாயுவும் வரும்; மூன்றாவது முனை திறந்திருக்கும். அடைப்பிதழே இல்லாததால் குழந்தை சிரமமின்றி மூச்சுவிட்டது. அறுவை மருத்துவருக்கு முகமும் விடுபட்டது. ஏயரே பிளவு உதட்டோடும் பிளவு அண்ணத்தோடும் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1950இல் லிவர்பூலின் ஜாக்சன் ரீஸ், திறந்த முனையில் ஒரு பையை இணைத்தார். அதன் அசைவில் குழந்தையின் மூச்சைக் காணலாம். தேவையானால் அழுத்தி மூச்சூட்டலாம். இவ்வமைப்பு இன்றும் பயன்படுகிறது.

பிற்கால வளர்ச்சி

1967இல் பீட்டர் மர்ஃபி, பித்தநாளத்தைப் பார்க்கும் வளையும் ஒளியிழைக் கருவியைக் கொண்டு ஒரு நோயாளிக்கு மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தினார். குழந்தைகளுக்கேற்ற மெல்லிய கருவிகள் பின்னர் வந்தன. 1981இல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் குரல்வளை முகமூடியை உருவாக்கினார். குரல்வளை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இதன் வழியே மூச்சூட்டலாம். ஒளியிழைக் கருவியையும் இதனுள் செலுத்தலாம்.

இன்றைய நடைமுறை

குழாய் செலுத்துவது கடினமாக இருந்த 1018 குழந்தை நிகழ்வுகளை ஆராய்ந்து 2016இல் ஒரு பதிவேட்டு ஆய்வு வெளியானது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் சிக்கல் நேர்ந்தது. இரண்டுக்கு மேற்பட்ட முயற்சிகள் ஆபத்தைக் கூட்டின. எனவே முயற்சிகளைக் குறைப்பதும், முயலும்போதே ஆக்சிஜன் கொடுப்பதும், மாற்று வழியை முன்பே ஆயத்தமாக வைப்பதும் வலியுறுத்தப்படுகின்றன.

பியேர் ரோபின் குறைபாட்டில், தாடை வளர வளர மூச்சுப்பாதை பெரும்பாலும் எளிதாகும். கன்ன எலும்பும் தாடையும் வளர்ச்சி குன்றும் டிரீச்சர் காலின்ஸ் குறைபாட்டிலோ வயதாகும்போது கடினமாகலாம். இக்குழந்தைகளுக்குப் பல அறுவைகள் தேவைப்படும். முன்பு எந்த முறை பலித்தது என்ற குறிப்பைப் பெற்றோர் கேட்டுப் பெற்று, அடுத்த முறை காட்டினால் அது குழந்தையின் உயிருக்கே காப்பாகும்.