காற்றுச் செங்கல்: இங்கிலாந்து வீடுகளில் தரையடிக் காற்றோட்டத்தின் வரலாறு

முன்னுரை

இங்கிலாந்தின் பழைய வீதியொன்றில் நடப்பவர் வீட்டுச் சுவரின் அடியில், தரையை ஒட்டினாற்போல், துளையிட்ட சிறு செங்கற்களைக் காணலாம். சுட்ட மண்ணாலோ வார்ப்பிரும்பாலோ ஆன இவற்றை அங்கே ‘ஏர் பிரிக்’ என்பார்கள். தமிழில் காற்றுச் செங்கல் எனலாம். ஒன்றின் முகப்பளவு 215 மில்லிமீட்டருக்கு 65 மில்லிமீட்டர். இரண்டு, மூன்று செங்கல் உயரமுள்ளவையும் உண்டு.

நம் ஊரில் கடைக்கால் போட்டு, பேஸ்மென்ட் மட்டம் வரை சுவர் எழுப்பி, உள்ளே கிராவல் மண் கொட்டி, தண்ணீர் விட்டுக் கெட்டித்து, அதன்மேல் தளம் போடுகிறோம். தரைக்கு அடியில் வெற்றிடம் இல்லை. ஆகவே அங்கே காற்றுக்கும் வேலை இல்லை. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் தரைத்தளம் பலகையால் ஆனது. அது மரச்சட்டங்களின்மேல் நிற்கிறது. சட்டங்களுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் இருண்ட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி மூச்சுவிடும் வழியே காற்றுச் செங்கல். அதைப் பரவலாக்கியதும் காத்ததும் கைவினை மரபு மட்டுமல்ல, பூஞ்சையால் பட்ட இழப்பும் பொதுச் சுகாதாரம் கருதி எழுந்த சட்டமும்கூட என்பது இக்கட்டுரையின் கருத்து.

பழைய வேர்கள்

ஈரத்தைக் காற்றால் வெல்லும் எண்ணம் மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டின் உரோமக் கட்டடக்கலைஞர் வித்ருவியுஸ் தம் நூலின் ஏழாம் பகுதியில் இதைச் சொல்கிறார். ஈரம் ஏறும் சுவரை விட்டுச் சற்றே விலகி இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி, இடைவெளிக்கு வெளிக்காற்று வரும்படி திறப்புகள் வைக்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் உரோமப் படையினரின் தானியக் களஞ்சியங்கள் இரண்டின் அடித்தளங்கள் இன்றும் உள்ளன. அவற்றின் தரை மண்ணிலிருந்து உயர்த்திப் போடப்பட்டது. புறச்சுவரின் அடியில் காற்று நுழையத் திறப்புகள் விடப்பட்டன. தானியம் பூசணம் பிடிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. பிற்காலக் காற்றுச் செங்கல் அதன் நேர்வாரிசு என்பதற்குச் சான்றில்லை; ஆனால் தத்துவம் ஒன்றே.

கண்ணீர் விடும் பூஞ்சை

பலகைத் தளம் நகர வீடுகளில் பெருகியபோது அதன் பகையும் பெருகியது. ஆங்கிலத்தில் ‘டிரை ராட்’ எனப்படும் உலர் மக்கல் நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு இன்றைய அறிவியல் பெயர் செர்புலா லாக்ரிமன்ஸ். இதை 1781-இல் தாவரவியலாளர் வுல்ஃபென் விவரித்தார். ‘லாக்ரிமன்ஸ்’ என்றால் கண்ணீர் சொரிவது. வளரும் பூஞ்சையின்மேல் நீர்த்துளிகள் அரும்புவதால் வந்த பெயர். உலர் மக்கல் என்னும் பெயர் மக்கிய மரத்தின் கடைசித் தோற்றத்தைக் குறிக்கிறது: பழுப்பேறி, கனச்சதுரங்களாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் நிலை. நோய் தொடங்குவதற்கோ ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் மக்கல் தொடங்குவதில்லை. தரையடிக் காற்றோட்டத்தின் நோக்கம் முழுவதும் இந்த ஓர் எண்ணில் அடங்கும்.

2007-இல் வெளியான மரபணு ஆய்வு இப்பூஞ்சையின் தாயகம் ஆசியா என்று காட்டியது. இமயமலைக் காடுகளில் இது இயற்கையாகவே வாழ்கிறது. குளிர்ந்த, ஈரமான, காற்றசையாத ஐரோப்பியத் தரையடி அதற்கு இன்னொரு காடாயிற்று.

19-ஆம் நூற்றாண்டில் இந்நோய் பற்றித் தனி நூல்களே வந்தன. தாமஸ் வேட் 1815-இலும், தாமஸ் ஆலன் பிரிட்டன் 1875-இலும் எழுதினர். ஜெர்மனியில் ராபர்ட் ஹார்டிக் 1885-இல் இப்பூஞ்சையின் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

சட்டம் வந்த கதை

1784 முதல் 1850 வரை பிரிட்டனில் செங்கல்லுக்கு வரி இருந்தது. வரி நீங்கியபின் நகரங்களில் செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. விரைந்து கட்டிய அவ்வீடுகளின் நலக்கேடுகள் அரசை அசைத்தன. 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் கட்டட விதிகள் வகுக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களுக்கு அளித்தது. இதையொட்டி 1877-இல் உள்ளாட்சி வாரியம் மாதிரித் துணைவிதிகளை வெளியிட்டது. வீட்டுமனையின் மண்ணைக் கான்கிரீட்டால் மூடுவது, சுவரில் ஈரத்தடை அடுக்கு வைப்பது ஆகியவற்றோடு தரையடிக் காற்றோட்டமும் இவ்விதிமரபில் இடம்பெற்றது. பலகைத் தளத்தின் சட்டத்துக்கும் கீழேயுள்ள கான்கிரீட்டுக்கும் இடையே குறைந்தது 3 அங்குலம் இடம் விடவேண்டும். அது காற்றுச் செங்கலாலோ வேறு தக்க வழியாலோ நன்றாகக் காற்றோட்டம் பெறவேண்டும் என்று விதிக்கப்பட்டது. கொத்தனாரின் விருப்பமாக இருந்தது வீடு கட்டுபவரின் கடமையாயிற்று. இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே.

இயங்கும் முறை

காற்று மோதும் சுவரில் அழுத்தம் கூடும், எதிர்ச்சுவரில் குறையும். இரண்டிலும் திறப்பு இருந்தால் காற்று தரையடியை ஊடுருவிப் போகும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது. நடுவில் சட்டங்களைத் தாங்கும் குட்டைச் சுவர்களையும் இதற்காகவே செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டுத் தேன்கூடுபோல் கட்டினார்கள்.

உள்ளூர் துணைவிதிகளுக்கு மாற்றாக 1965-இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான கட்டட ஒழுங்குவிதிகள் வந்தன. இங்கிலாந்தின் இன்றைய வழிகாட்டுதல்படி மண்மூடுதளத்துக்கும் மரத்தளத்தின் அடிப்பகுதிக்கும் இடையே 150 மில்லிமீட்டர் இடம் வேண்டும். பழைய 3 அங்குலத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. திறப்பின் அளவு, புறச்சுவரின் ஒரு மீட்டருக்கு 1500 சதுர மில்லிமீட்டர் அல்லது தரைப்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 500 சதுர மில்லிமீட்டர். இவற்றில் எது பெரிதோ அது. 5 மீட்டர் அகலமும் 8 மீட்டர் நீளமும் உள்ள வரிசைவீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டுமே புறச்சுவர். சுவர்க்கணக்கில் 15,000 வரும். தரைக்கணக்கில் 20,000 வரும். ஆக வேண்டிய திறப்பு 20,000 சதுர மில்லிமீட்டர். எல்லாத் துளைகளையும் ஒன்றுசேர்த்தாலும் 20 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஓர் ஓட்டைதான். ஒரு வீட்டின் தரையை அவ்வளவு சிறிய ஓட்டை காக்கிறது.

அடைபடும் துளைகள்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மரத் தட்டுப்பாடு வந்தது. புதிய வீடுகளில் கான்கிரீட் தரை பரவியது. பழைய வீடுகளின் காற்றுச் செங்கல் எதற்கு என்பதே பலருக்கு மறந்தது. குளிர் வருகிறது என்று துளையை அடைத்தார்கள். பூப்பாத்தியும் நடைபாதையும் உயர்ந்து துளையை மூடின. பின்புறம் கூடுதல் அறை கட்டியவர்கள் எதிர்ச்சுவரின் திறப்பையே மறைத்தார்கள். கேடு உடனே தெரியாது. பலகை அமுங்கும் நாளில்தான் தெரியும்.

புதிய சிக்கல்களும் சேர்ந்துள்ளன. வெள்ளக் காலத்தில் நீர் வீட்டுக்குள் புகும் வழிகளில் காற்றுச் செங்கலும் ஒன்று. அதற்காக மூடிகளும், நீர் ஏறும்போது தானே மூடிக்கொள்ளும் செங்கற்களும் வந்துள்ளன. வெள்ளம் வடிந்ததும் மூடியைக் கழற்ற மறந்தால் உள்ளே தங்கிய ஈரமே பகையாகும். தென்மேற்கு இங்கிலாந்தின் கருங்கல் நிலத்தில் மண்ணிலிருந்து எழும் ரேடான் வாயுவை வெளியேற்றவும் தரையடிக் காற்றோட்டம் உதவுகிறது. வெப்பம் வீணாவதைத் தடுக்கவேண்டுமானால் துளையை அடைக்கக் கூடாது. சட்டங்களுக்கு இடையே வெப்பக்காப்பு வைத்து, அதன் கீழே காற்றோட விடவேண்டும்.

முடிவுரை

உரோமக் களஞ்சியம் முதல் இன்றைய ஒழுங்குவிதி வரை ஒரே பாடம் மீண்டும் மீண்டும் கற்கப்பட்டிருக்கிறது: மரத்தை மண்ணருகே வைப்பவர் காற்றையும் அதனோடு வைக்கவேண்டும். கட்டும்போது சட்டம் அதை உறுதிசெய்யும். கட்டியபின் காப்பது குடியிருப்பவர் கையில் இருக்கிறது. பலகைத் தளமுள்ள பழைய வீட்டில் வாழ்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து, ஒவ்வொரு காற்றுச் செங்கலின் முன்னும் குனிந்து, துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.