இரும்பு மலையின் பாடும் கோபுரம்

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் தீபகற்பமாக நீண்டு கிடக்கும் புளோரிடா மாகாணம் பெரும்பாலும் சமதரை. ஏரியும் சதுப்பும் ஆரஞ்சுத் தோப்புகளுமாகப் பரந்த அந்த நிலத்தின் நடுவே, லேக் வேல்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ முந்நூறு அடி உயர்ந்து நிற்கும் ஒரு மணற்குன்றை அவ்வூரார் ‘இரும்பு மலை’ என்று கம்பீரமாகவே அழைத்து வருகிறார்கள். நம் பரங்கிமலையின் உயரந்தான் அது. ஆயினும் சுற்றுவட்டாரத்தில் அதற்கு நிகரான மேடு இல்லாமையால், மாலை வேளைகளில் அதன் உச்சிக்குச் சென்று சூரியாஸ்தமனத்தைக் காண்பது அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்த செல்வந்தர்களின் வழக்கமாயிருந்தது. அப்படி நடந்து சென்றவர்களுள் ஒருவர் எட்வர்டு போக்.

1863-ஆம் ஆண்டு ஹாலந்து தேசத்து டென் ஹெல்டர் துறைமுக நகரில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறி, வறுமையிலேயே வளர்ந்து, 1889-இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்ற மாதர் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, முப்பது ஆண்டுகள் அதனை நடத்திப் பத்து லட்சம் சந்தாதாரர்களுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தவர் அவர். போலி மருந்துகளின் விளம்பரத்தைப் பத்திரிகையில் ஏற்பதில்லையென்று மறுத்து, அம்மருந்துகளின் யோக்கியதையை வெளிப்படுத்திய பத்திராதிபர்களுள் அவரும் ஒருவர். 1919-இல் ஓய்வு பெற்றபின் எழுதி வெளியிட்ட சுயசரிதத்துக்கு 1921-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்நூலில் அவர் தம் பாட்டனாரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்: ஹாலந்துக் கடற்கரைக்கு அப்பால் மரமே இல்லாத ஒரு தீவுக்கு அதிகாரியாக நியமிக்கப்பட்ட அவர், ஆண்டுதோறும் மரங்களை நட்டு வந்தாராம், கடற்காற்றைச் சகித்து அம்மரங்கள் தழைத்தபின், அலைகடலில் பறந்து களைத்த பறவைகளெல்லாம் அங்கே வந்து தங்கினவாம். குடும்பக் கதைகளுக்கு இயல்பாகவே ஏறும் மெருகு இதிலும் ஏறியிருக்கக் கூடும். ஆனால் பேரர் அதனை வேதவாக்காகவே கொண்டார் என்பதற்கு இரும்பு மலையே சாட்சி.

அக்குன்றில் பறவைகளுக்கு ஒரு சரணாலயமும் மனிதருக்கு ஒரு சாந்தி ஸ்தலமும் அமைக்க வேண்டுமென்று தீர்மானித்த போக், நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கை வகுத்த மேதையின் புதல்வரும், தந்தையின் பெயரையே தாங்கியவரும், அத்தொழிலில் தந்தைக்கு இளைக்காதவருமாகிய பிரடெரிக் லா ஆம்ஸ்டெட்டிடம் காரியத்தை ஒப்படைத்தார். ஆம்ஸ்டெட் முதலில் செடி நடவில்லை. விழுந்த மழையை அக்கணமே உறிஞ்சிக் கீழே விட்டுவிடும் மணல் அது என்பதை உணர்ந்து, முதலாண்டு முழுவதும் குழி தோண்டி நீர்க் குழாய்களைப் பதிப்பதிலும், கரிய வண்டல் மண்ணை ஆயிரக்கணக்கான பாரங்களாகக் கொண்டுவந்து கொட்டுவதிலுமே கழித்தார். அதன் பின்னரே 1,000 பெரிய ஓக் மரங்களும், 300 மக்னோலியாக்களும், 10,000 அசேலியாச் செடிகளும், பனையினத்து மரங்களும் வரிசை தெரியாதபடி, தாமாகவே முளைத்தவை போல் நடப்பட்டன. தோட்டக் கலையில் தோட்டக்காரனின் கை தெரியாமலிருப்பதே உத்தமம் என்பது ஆம்ஸ்டெட் குடும்பத்தாரின் சித்தாந்தம். இன்று நிழல் அடர்ந்த அப்பாதைகளில் நடப்பவர்களுக்கு, காலின் கீழ் உள்ள மண் வண்டியில் வந்தது என்ற எண்ணமே எழாது. அந்த மண்ணைச் சுமந்தவர்களின் நினைவும் எழாது. பணம் கொடுத்தவரின் பெயரும் வரைபடம் போட்டவரின் பெயரும் பலகையில் நிற்கின்றன; மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரைத் தேடுவோர் எங்குதான் இருக்கிறார்கள்!

தோட்டம் உருவாகி வருகையில், தம் பிறந்த தேசத்தின் இன்னொரு நினைவும் போக்கின் மனத்தில் கிளர்ந்தது. ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் ஊர்தோறும் உயர்ந்த கோபுரங்களில், ஸ்வரம் பிசகாமல் வார்த்த மணிகளை வரிசையாகக் கட்டி, அவற்றில் கீதங்களை வாசிப்பது பல நூற்றாண்டுகளாக வழங்கி வரும் கலை. காரில்லன் என்பது அதன் பெயர். குறைந்தது 23 மணிகளேனும் இருந்தால்தான் அப்பெயருக்கு உரியதாகும். மணிகள் ஆடுவதில்லை, அசையாமல் தொங்கும் அவற்றின் நாக்குகளிலிருந்து இறங்கி வரும் கம்பிகள், கீழே ஓர் அறையில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கோல்களோடும் மிதிகட்டைகளோடும் பிணைக்கப்பட்டிருக்கும். வாசிப்பவர் அரைவாசி மூடிய கைமுஷ்டியால் கோல்களை அழுத்தியும், காலால் கட்டைகளை மிதித்தும் வாசிக்க வேண்டும். மெல்ல அழுத்தினால் மணி முணுமுணுக்கும். பலமாக அழுத்தினால் முழங்கும். ஒரு மணியின் ஒலிக்குள்ளேயே பல ஸ்வரங்கள் அடங்கியிருப்பதால், அவை ஒன்றோடொன்று இசையும்படி உலோகத்தின் உட்புறத்தைக் கடைந்தெடுப்பது மிகவும் சிரமமான வித்தை. பதினேழாம் நூற்றாண்டில் ஹெமோனி சகோதரர்கள் கண்டுபிடித்து, அவர்களுக்குப்பின் மங்கிப்போன அந்த வித்தையை, 1890-களில் இங்கிலாந்தின் லப்பரோ நகரத்து டெய்லர் வார்ப்படச் சாலையார் மறுபடியும் கைவரச் செய்திருந்தார்கள். போக் அவர்களிடமே மணிகளை வார்க்கச் செய்தார். இன்று அக்கோபுரத்தில் உள்ளவை 60 மணிகள். ஆகச் சிறியது 16 பவுண்டு, ஆகப் பெரியது ஏறத்தாழ 12 டன்.

இவற்றைத் தாங்கும் கோபுரத்தை மில்டன் மெடாரி என்னும் பிலடெல்பியாக் கட்டிடக் கலைஞர் வகுத்தார். ரோஜா நிறமும் சாம்பல் நிறமும் கலந்த ஜார்ஜியா மாகாணத்துச் சலவைக்கல்லும், புளோரிடாக் கடற்கரையில் கிளிஞ்சல்கள் இறுகி உண்டான கோக்கினாக் கல்லும் கொண்டு, அடியில் சதுரமாகத் தொடங்கி மேலே எண்கோணமாக மாறி 205 அடி உயர்கிறது அது. மணிகள் உள்ள உச்சிப் பகுதியில் சுவருக்குப் பதிலாகப் பறவைகளும் கொடிகளும் பின்னிய வண்ண ஓட்டுச் சாளரங்கள். லீ லாரி செதுக்கிய சிற்பங்களும், சாமுவேல் யெலின் என்ற கொல்லர் பைபிளின் ஆதியாகமக் காட்சிகளைப் பொறித்த பித்தளைக் கதவும் தனித்தனியே நின்று பார்க்கத் தக்கவை. கோபுரத்தில் கடிகாரம் கிடையாது. தெற்குச் சுவரில் சூரிய கடிகாரம் ஒன்று பதித்திருக்கிறார்கள். இதனை அமெரிக்காவின் தாஜ்மகால் என்று அக்காலத்தில் புகழ்ந்தார்கள். எனக்கு அந்த ஒப்புமை பொருத்தமாகப் படவில்லை. தாஜ்மகாலின் முன் தோட்டம் கட்டிடத்துக்குப் பணிவிடை செய்கிறது; இங்கோ கோபுரம் மரங்களுக்கிடையே சற்றுத் தோன்றுவதும் மறைவதுமாக, தோட்டத்தின் ஒரு பகுதியாகவே அடங்கி நிற்கிறது.

கட்டிய காலமும் கவனிக்கத் தக்கது. 1920-களின் தொடக்கத்தில் புளோரிடா நிலத்தை வாங்கி விற்பதில் ஏற்பட்ட பித்து 1926-இல் சரிந்து, அவ்வாண்டிலும் 1928-இலும் பெரும் புயல்கள் வீசி மாகாணமே நிலைகுலைந்திருந்த நாட்களில்தான் குன்றின்மேல் கல்லடுக்கும் வேலை நடந்தது. 1929 பிப்ரவரி 1-ஆம் தேதி, பதவியைவிட்டு இறங்க ஒரு மாதமே எஞ்சியிருந்த ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் வந்து அதனை மக்களுக்கு அர்ப்பணம் செய்தார். ஆன்ட்வெர்ப் நகரத்திலிருந்து வந்த ஆன்டன் பிரீஸ் மணிகளை வாசித்தார். 1967 வரை அவரே அங்கு வித்வானாக விளங்கினார். அர்ப்பணம் நடந்த ஆண்டின் அக்டோபரிலேயே பங்குச்சந்தை வீழ்ந்தது. 1930 ஜனவரியில் போக்கும் காலமாகி, அப்பித்தளைக் கதவின் முன்பே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மனைவி மேரி லூயிஸ் 1924-இல் நிறுவிய கர்டிஸ் சங்கீதக் கலாசாலையில் பயின்ற இளைஞர்களாகிய சாமுவேல் பார்பரும் மெனோட்டியும் இம்மணிகளுக்கென்றே உருப்படிகள் இயற்றினார்கள். பிற்காலத்தில் இருவரும் உலகப் பிரசித்தி அடைந்தார்கள். 1993-இல் அரசாங்கம் இவ்விடத்தைத் தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவித்தது.

இத்தனை புகழுக்கும் உரிய இத்தோட்டத்தைப் பற்றி ஓர் ஆட்சேபமும் சொல்லத்தான் வேண்டும். பாட்டனார் மரம் நட்டது தரிசுத் தீவில்; பேரர் மரம் நட்ட குன்று தரிசல்ல. லேக் வேல்ஸ் மேடு எனப்படும் அந்த மணல் தொடரும் ஆதியில் தீவுக்கூட்டமே. புராதன யுகங்களில் கடல் பொங்கித் தாழ்நிலமெல்லாம் மூழ்கிய காலத்தில், அது மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அத்தனிமையில் உலகில் வேறெங்கும் காணப்படாத புதர்களும் பூண்டுகளும் அங்கே உற்பத்தியாயின. பார்வைக்குக் காய்ந்த முட்காடாக இருந்தமையால் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. ஆரஞ்சுத் தோப்பும் வீடுகளும் அதனைத் தின்றன. அழகிய தோட்டமும் தன் பங்குக்குச் சிறிது தின்றது. நம் இலந்தைக்கு உறவான ஒரு முட்செடி, 1984-இல் உலர்ந்த மாதிரியொன்றைக் கொண்டு சாஸ்திரப் பெயர் பெற்றபோது அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1987-இல் உயிரோடு அகப்பட்டது. எஞ்சிய புதர்கள் பலவும் ஒரே செடியின் வேரிலிருந்து கிளைத்தவையாதலால் தம்முள் மகரந்தம் சேர்ந்தும் காய்க்கவில்லை. வெவ்வேறு புதர்களை ஓரிடத்தில் சேர்த்து வளர்த்து விதை கொள்ளச் செய்யும் பணியை ஏற்றது போக்கின் தோட்டந்தான். 1980-களிலிருந்து அம்மேட்டுக்கே உரிய அரிய தாவரங்கள் பல அங்கே பேணப்படுகின்றன. மணியோசையைவிட, அசேலியாவைவிட, இந்தப் பணியையே நான் மேலாக மதிப்பேன்.

புளோரிடாவுக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் ஆர்லாண்டோவின் கேளிக்கைப் பூங்காக்களோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான தொலைவுதான் லேக் வேல்ஸ். அசேலியா மலரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செல்லுங்கள். பிற்பகலில் மணிகள் வாசிக்கும் நேரத்தில் கோபுரத்தின் அடியில் நிற்காமல், சற்றுத் தள்ளி ஓக் மரத்தடியில் அமருங்கள். அருகிலிருந்தால் பெரிய மணிகளின் முழக்கம் சிறியவற்றை விழுங்கிவிடும். திரும்புவதற்கு முன், பெரும்பாலோர் எட்டிப் பாராத பைன் மர மணற்பாதை ஒன்று அத்தோட்டத்தில் உண்டு; அதிலும் ஒரு முறை நடந்துவிட்டு வாருங்கள்.