ஒரு வாக்கெடுப்பையும் தவறவிடாதவர்

1950 ஜூன் 1. அமெரிக்க செனட்டில் ஜோசப் மக்கார்த்தி உட்கார்ந்திருக்கிறார். பிடிக்காதவர்களை எல்லாம் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்திக்கொண்டிருந்த காலம் அது. பெரிய தலைகளே அவரிடம் வாய் திறக்கப் பயந்தன. அவருடைய குடியரசுக் கட்சியிலிருந்தே ஒரு பெண் எழுந்தார். கால்மணி நேரப் பேச்சு. மக்கார்த்தியின் பெயர் அதில் ஓர் இடத்திலும் இல்லை. யாரைச் சொல்கிறார் என்பது அவையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செனட் அந்த மனிதரைக் கண்டித்துத் தீர்மானம் போட மேலும் நான்கு வருடம் பிடித்தது. இந்தத் துணிச்சலுக்கு முன்னால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

மார்கரெட் சேஸ் ஸ்மித். மெய்ன் மாநிலத்தின் ஸ்கோஹீகன் ஊரில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகள். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவர்; கல்லூரிக்குப் போனதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் இடம்பெற்ற முதல் பெண்.

1972 செனட் தேர்தலில் மெய்ன் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். கட்சிமீது கோபம் என்று சொல்ல வழியில்லை. அதே நாளில் அதே மக்கள் அவருடைய கட்சியின் அதிபர் வேட்பாளர் நிக்சனுக்கு நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் வாக்களித்தார்கள். அவரை வீழ்த்தியதில் அவருடைய பெருமைக்கே பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1955 முதல் 1968 வரை தொடர்ந்து 2,941 வாக்கெடுப்புகள், ஒன்றுகூடத் தவறவில்லை. இடுப்பு அறுவை சிகிச்சைதான் அதை நிறுத்தியது. அவை நடக்கும்போது பிரசாரத்துக்குப் போவதில்லை என்பது அவர் வைராக்கியம். வாஷிங்டன் நாற்காலியை விட்டு எழாத அவரை ஊரில் பார்க்க முடியவில்லை என்ற குறை வளர்ந்துகொண்டே போனது. வயதும் 74.

எதிரே நின்ற ஜனநாயகக் கட்சிக்காரர் வில்லியம் ஹாத்தவேக்கு 48. உலகப்போரில் ருமேனியாவில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, போர்க்கைதியாக இருந்து மீண்டவர். ஊர் ஊராகச் சுற்றி ஆதரவு கேட்டார். 53 சதவீதம் வாங்கினார்.

தினமும் ஒரு புது ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு அவைக்கு வருவது மார்கரெட்டின் வழக்கம். 1973 ஜனவரியில் அந்த ரோஜா இல்லாமல் புதிய செனட் கூடியபோது, நூறு பேரில் ஒரு பெண்கூட இல்லை. ஐந்து வருடம் அப்படியே போனது. 1978 ஜனவரியில் மூரியல் ஹம்ப்ரி வந்தார், இறந்துபோன கணவரின் இடத்துக்கு. அதே ஆண்டு நவம்பரில் ஹாத்தவேயும் தோற்றார், வில்லியம் கோஹன் என்ற 38 வயதுக்காரரிடம்.

(தொடரும்)